யாருக்கும் இடைஞ்சல் இல்லை என்பதற்கான சான்று

என் மேல் எந்தப் புகாரும் இல்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

இருபத்திரண்டு வருடமாக ஹாம் ரேடியோ உரிமம் வைத்திருக்கிறேன். வீட்டிலேயே சொந்தமாக ஒரு ரேடியோ நிலையம் வைத்து, அதே பைத்தியம் பிடித்த இன்னொருவரோடு பேசிக்கொள்வதற்கு அரசாங்கம் தரும் அனுமதி அது. இத்தனை வருடத்தில் ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்ததில்லை. மொட்டை மாடியில் இருப்பது ஆண்டெனா என்பதே கீழ்வீட்டு டீச்சருக்குத் தெரியாது. துணி காயப்போடும் கம்பி என்று நினைத்து ஒருமுறை அதில் போர்வையை உலர்த்தினார். அன்றைக்கும் நான் ஒன்றும் சொல்லவில்லை. இப்படி ஒரு நிம்மதி யாருக்குக் கிடைக்கும்? அதை நானே போய்க் கெடுத்துக்கொண்டேன்.

என் தொழிலையும் சொல்லிவிடுகிறேன், புத்தி ஏன் அப்படிப் போனது என்பது அப்போதுதான் விளங்கும். நான் அச்சகத்தில் பிழை திருத்துபவன். எங்கள் அச்சகத்தில் கதை, கட்டுரை எல்லாம் அச்சாவதில்லை. அரசாங்கப் படிவங்கள் மட்டும்தான். ஒருவர் பிறந்தாலும், வீடு கட்டினாலும், செத்தாலும், அதற்கான படிவத்தை நான் முன்னமே மூன்று தடவை படித்திருப்பேன். கோடு போட்ட காலி இடத்தைப் பார்த்தால் எனக்குக் கை அரிக்கும்.

ரேடியோவில் நான் பேசுவது என் மச்சானோடு. என் மனைவியின் அண்ணன், லிஃப்ட் மெக்கானிக், ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஐந்து கிலோமீட்டர் தள்ளி வீடு. நேரில் பார்த்தால் எங்களுக்குள் பேச்சே வராது. "வாங்க மச்சான்", "சாப்பிட்டியா மாப்ளே", அதோடு சரி. ஆனால் சாயங்காலம் ஏழு மணிக்கு ஆளுக்கொரு மைக்கைப் பிடித்தால் அரை மணி நேரத்துக்கு வாய் ஓயாது. என் அப்பா இறந்தபோது நான் அழுததுகூட ரேடியோவில்தான். மச்சான் அந்தப் பக்கம் ஒரு வார்த்தை பேசாமல் கேட்டுக்கொண்டே இருந்தார். மறுநாள் துக்கம் விசாரிக்க நேரில் வந்தவர், "சாப்பிட்டியா மாப்ளே" என்றார்.

நாங்கள் இரண்டு வருட ஞாயிற்றுக்கிழமைகளைச் செலவழித்து ஒரு ஜோடிக் கருவி செய்தோம். ஸ்ப்ரெட் ஸ்பெக்ட்ரம் என்று அந்த முறைக்குப் பெயர். பயந்துவிட வேண்டாம், விஷயம் சுலபம்தான். மற்ற ரேடியோக்கள் ஒரே அலைவரிசையில் உட்கார்ந்து பேசும். எங்கள் கருவி உட்காராது, ஒரு நொடிக்குள் பத்து இடம் தாவும். நாற்பது அறை உள்ள ஒரு வீட்டில் ஒருவர் அறை அறையாக ஓடிக்கொண்டே பேசுகிறார், இன்னொருவர் அதே வரிசையில் கூடவே ஓடிக்கொண்டே கேட்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வரிசை தெரிந்தவருக்கு முழுப் பேச்சும் கேட்கும். ஏதோ ஒரு அறையில் உட்கார்ந்திருப்பவருக்கு யாரோ வந்து போனதுகூடத் தெரியாது. யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் பேச மனிதன் கண்டுபிடித்த வழிகளில் இதைவிட மரியாதையானது கிடையாது.

சாப்பாட்டு மேஜையின் இரண்டு முனைகளில் உட்கார்ந்து சோதித்துப் பார்த்தோம். வேலை செய்தது. இனி ஆற்றைத் தாண்டிப் பேச வேண்டியதுதான் பாக்கி. அதற்கும் நாள் அதிகம் இல்லை. கடல் கடந்து இருக்கும் மகளோடு போய்த் தங்குவதாக மச்சான் முடிவு செய்திருந்தார். அன்றிலிருந்து மூன்றாம் மாதம் முப்பதாம் தேதி விமானம். எங்கள் கருவியின் குரல் எட்டுவது அதிகபட்சம் பத்து கிலோமீட்டர்.

"வர்ற ஞாயித்துக்கிழமை அவங்கவங்க வீட்லேருந்து பேசிப் பாத்துடுவோம் மாப்ளே" என்றார் மச்சான்.

"விதியில என்ன இருக்குன்னு ஒரு தடவை பாத்துட்டுப் பேசலாமா மச்சான்?"

அவர் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தார். "யாராவது உன்னைக் கேட்டாங்களா?"

"இல்ல."

"அப்புறம் நீ எதுக்குப் போய் அவங்களைக் கேக்குற?"

சமையலறையிலிருந்து என் மனைவி சொன்னாள்: "வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்கலைன்னா இவருக்குத் தூக்கம் வராதுண்ணா."

நான் அவர்கள் பேச்சைக் கேட்கவில்லை. விதிப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில், இந்த முறையில் பேச விரும்புவோர் படிவம் 19-ஈ நிரப்பித் தர வேண்டும் என்று இருந்தது. அந்தப் படிவத்துக்குப் பதினோரு வருடத்துக்கு முன் பிழை திருத்தியவன் நான். அச்சானதோடு சரி, யாரும் அதை நிரப்பி நான் பார்த்ததே இல்லை. பெற்ற பிள்ளை வேலைக்குப் போகாமல் வீட்டிலேயே கிடப்பது போல ஒரு வருத்தம் எனக்கு இருந்துகொண்டே இருந்தது.

அலைவரிசை ஒழுங்கு அலுவலகம் நாலாவது மாடியில் இருந்தது. கண்காணிப்பாளர் என் படிவத்தை இரண்டு கையாலும் வாங்கினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

"பத்தொம்போது ஈ. நான் ரிட்டயர் ஆகறதுக்குள்ள ஒண்ணாவது வரும்னு நம்பிக்கையோட உக்காந்திருந்தேன் சார். இந்த விதியை எழுதின குழுவுல நானும் ஒருத்தன். முப்பத்தேழு உட்பிரிவு. ஒண்ணைக்கூட இதுவரைக்கும் யார் மேலயும் போட்டுப் பாத்ததில்ல."

இரண்டு பேரும் அந்தப் படிவத்தைக் குழந்தையைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டு நின்றோம். அவர்தான் முதலில் சுதாரித்துக்கொண்டார்.

"முதல் காரியம், உங்க பழைய உரிமத்தை நிறுத்தி வைக்கிறோம். அந்தப் பக்கம் பேசறவர் பேர் போட்டிருக்கீங்களே, அவரோடதும்."

"பழைய ரேடியோவுல ஏன் சார் பேசக் கூடாது? அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லையே."

"பேச அனுமதி கேட்டு விண்ணப்பம் குடுத்திருக்கீங்க. விண்ணப்பம் பரிசீலனையில இருக்கும்போதே நீங்க பேசிட்டிருந்தா, நாங்க எதைப் பரிசீலிக்கிறது?"

யோசித்தால் நியாயமாகத்தான் பட்டது. அதுதான் என் வியாதி. அப்படித்தான் எங்கள் ஏழு மணிப் பேச்சு நின்றுபோனது. மச்சானிடம் பஸ்ஸில் போய் விஷயத்தைச் சொன்னேன். மைக் வயரைச் சுருட்டி வைத்தார். பிறகு, "சாப்பிட்டியா மாப்ளே" என்றார்.

அடுத்த வாரம் தாவல் பட்டியல் கேட்டார்கள். ஹாம் ரேடியோவில் ரகசியம் பேசக் கூடாது, யார் வேண்டுமானாலும் கேட்கும்படிதான் பேச வேண்டும், இது உலகம் பூராவும் உள்ள விதி, நல்ல விதியும்கூட. ஆகவே எங்கள் கருவி எந்த அலைவரிசையிலிருந்து எதற்குத் தாவும் என்ற வரிசையை அலுவலகத்தில் கொடுத்து வைக்க வேண்டும். நாற்பது எண்களையும் தட்டச்சு செய்து, மூன்று முறை பிழை பார்த்து, கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்காணிப்பாளர் வாங்கிப் பார்த்துவிட்டு, அதன் தலையில் சிவப்பு மையில் 'மிக ரகசியம்' என்று முத்திரை குத்தி, இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டினார்.

"சார், இது ரகசியம் இல்லைன்னு காட்டத்தானே குடுத்தேன்?"

"ரகசியம் இல்லாத ஒண்ணை அப்படியே வெளியில போட்டு வெக்க முடியுமா? நாலு பேர் கண்ணுல பட்டுடாது?"

அதுவும் அன்றைக்கு எனக்கு நியாயமாகவே பட்டது.

இரண்டாவது மாதம் உட்பிரிவு பன்னிரண்டு ஆரம்பித்தது. என் ஒலிபரப்பால் யாருக்கும் இடைஞ்சல் இல்லை என்று அக்கம்பக்கத்தில் இருபத்தைந்து பேரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். நான் இன்னும் எதையும் ஒலிபரப்பவில்லையே என்று கேட்டேன். "பேசாம இருக்கும்போது இடைஞ்சல் இருக்கா இல்லையான்னு முதல்ல நிரூபிங்க. அப்புறம்தானே பேசும்போது எவ்வளவு கூடுதுன்னு பாக்க முடியும்" என்றார் கண்காணிப்பாளர்.

சனிக்கிழமை காலை கிளிப் அட்டையும் பேனாவுமாகக் கிளம்பினேன். முதலில் கீழ்வீட்டு டீச்சர். கதவைத் திறந்தவரிடம், "என்னால உங்களுக்கு ஏதாவது இடைஞ்சல் இருக்கா டீச்சர்?" என்றேன்.

"இல்லையே. ஏன், என்ன ஆச்சு?"

"ஒண்ணும் இல்ல. ரேடியோ அலை."

"ரேடியோ அலையா? எங்கேருந்து?"

"மேலேருந்து. ஆனா யாருக்கும் தெரியாது."

இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். டீச்சர் நெற்றியில் கை வைத்தார். போன மாதம் நாலாம் தேதியிலிருந்து அவருக்கு ஒற்றைத் தலைவலி. என் ரேடியோ ஒன்றாம் தேதியே நிறுத்தப்பட்டது என்று எடுத்துச் சொன்னேன். "அதான் பாருங்க, நிறுத்தினதும் ஆரம்பிச்சிருக்கு" என்றார். அடுத்த வீட்டில் மிக்ஸி சத்தம் மாறியிருந்தது. அதற்கடுத்த வீட்டில் மருமகன் சரியாகப் பேசுவதில்லை. மதியத்துக்குள் என் அட்டையில் சேர்ந்தவை இரண்டு கையெழுத்தும் பதினோரு புகாரும்.

இதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. புகார்களை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து மேஜையில் பரப்பியதும் என் கை பேனாவைத் தேடியது. தலைவலிப் புகாரில் வாக்கியம் முடியாமல் தொங்கியது, சரி செய்தேன். மருமகன் புகாரில் சொல்ல வந்தது மூன்றாவது பத்தியில் இருந்தது, அதை முதல் பத்திக்குக் கொண்டுவந்தேன். எல்லாவற்றையும் தெளிவாகப் படி எடுத்து, அவரவரிடம் மறுபடியும் கையெழுத்து வாங்கினேன். கண்காணிப்பாளர் படித்துவிட்டுச் சொன்னார்: "இருபது வருஷ சர்வீஸ்ல இவ்வளவு நறுக்குன்னு ஒரு புகாரை நான் பாத்ததில்ல சார். உங்க மேல நடவடிக்கை எடுக்கணும்னு எனக்கே தோணுது."

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நேரத்தில் எனக்குப் பெருமையாக இருந்தது.

புகார்கள் வந்துவிட்டதால் வீட்டில் வைத்தே சோதனை என்று உத்தரவாயிற்று. பதினைந்து நிமிடத்துக்கு மட்டும் தற்காலிக அனுமதி, மாலை நாலு மணியிலிருந்து நாலேகால் வரை. ஆய்வாளர் ஒரு பெரிய ரேடியோ பெட்டியோடு மாடியேறி வந்தார். ஒல்லியான, நல்ல மனிதர். தண்ணீர் வாங்கிக் குடித்தார். ஆற்றுக்கு அந்தப் பக்கம் மச்சான் லீவு போட்டுவிட்டுக் காத்திருந்தார்.

நாலு மணிக்குக் கருவியைப் போட்டேன். "மச்சான், கேக்குதா?" என்றேன்.

"நிறுத்துங்க சார்" என்றார் ஆய்வாளர், காதில் மாட்டியிருந்ததைக் கழற்றி. "எனக்கு ஒண்ணும் கேக்கல."

"கேக்காது சார். அது தாவுது. நீங்களும் அதே வரிசையில தாவினாத்தான் கேக்கும்."

"வரிசை எங்க இருக்கு?"

"உங்க ஆபீஸ் பீரோவுல."

"அது மிக ரகசியம். என் பதவிக்கு அதைப் பாக்க அனுமதி இல்ல." அவர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். "எனக்குக் கேக்கலைன்னா ரெண்டு காரணம்தான் எழுத முடியும் சார். ஒண்ணு, நீங்க பேசவே இல்ல. அப்படின்னா பொய் விண்ணப்பம். இல்லைன்னா, மறைச்சுப் பேசறீங்க. அப்படின்னா ரகசியச் செய்தி. எது போடட்டும்?"

"எதுல தண்டனை கம்மி?"

"ரெண்டுலயும் படிவம் ஒண்ணுதான்."

மேஜை இழுப்பறையிலிருந்து என்னிடம் இருந்த பட்டியல் நகலை எடுத்து நீட்டினேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. "மிக ரகசிய ஆவணம் உங்ககிட்ட எப்படி சார் வந்தது?" என்று கேட்டு, வாங்கிப் படிக்காமலே மடித்து, உறையில் போட்டு, அரக்கு வைத்துவிட்டார். அதற்குள் ஏழு நிமிடம் போய்விட்டது. மச்சான் அங்கே மைக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஆய்வாளருக்கே பாவமாக இருந்திருக்க வேண்டும். உட்பிரிவு ஆறைக் காட்டினார். ஒவ்வொரு அலைவரிசையிலும் பேச ஆரம்பிக்கும் முன் நிலையத்தின் அடையாள எண்ணை முழுசாகச் சொல்ல வேண்டும். எங்கள் கருவி ஒரு அலைவரிசையில் நிற்பது பத்தில் ஒரு நொடி. அடையாள எண்ணைச் சொல்லி முடிக்க எனக்கு ஆறு நொடி ஆகும். ஆகவே தாவுவதை மெதுவாக்கி, இடத்துக்கு எட்டு நொடி நிற்கும்படி வைத்தேன். மச்சானுக்குத் தொலைபேசியில் சொன்னேன், அவரும் வைத்தார். ஆறு நொடி அடையாள எண், மிச்சம் இரண்டு நொடி பேச்சு.

"கேக்குதா மச்சா..." என்றேன், தாவிவிட்டது. அந்தப் பக்கத்திலிருந்து அவருடைய அடையாள எண் முழுசாக வந்தது. பிறகு, "நல்லாவே கே..." என்றார், அதுவும் தாவிவிட்டது. மிச்சம் இருந்த ஆறு நிமிடமும் நாங்கள் அடையாள எண்ணைத்தான் பரிமாறிக்கொண்டோம், ஜெபம் சொல்வது போல. மச்சானின் குரல் அவ்வளவு தெளிவாக வந்தது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஆற்றைத் தாண்டி வந்துவிட்டதே.

இந்தத் தடவை ஆய்வாளரும் தன் பெட்டியைத் திருகித் திருகி எங்கள் குரலைப் பிடித்துவிட்டார். பிடித்ததும் முகம் வாடியது. "இப்போ எனக்குக் கேட்டுடுச்சு சார்."

"நல்லதுதானே?"

"எனக்குக் கேட்டுதுன்னா, அந்த அலைவரிசையில வேற யாராவது இருந்தாலும் கேட்டிருக்கும். அப்போ அவங்களுக்கு இடைஞ்சல்."

"கேக்கலைன்னா ரகசியம், கேட்டா இடைஞ்சலா?"

"ஆமா சார்" என்றார் வருத்தத்தோடு. "நாங்க ரெண்டு பக்கமும் யோசிச்சுத்தான் விதி போட்டிருக்கோம்."

விசாரணைக்கு இருபதாம் தேதி வரச் சொன்னார்கள். அதற்குள் உட்பிரிவு இருபத்தொன்பதின்படி, சோதனையில் நடந்த ஒவ்வொரு தாவலையும் நேரத்தோடு பதிவேட்டில் எழுத வேண்டும். நான் எழுதினேன். ஆய்வாளர் நிறுத்தச் சொல்லியும் கருவி தன்பாட்டுக்கு ஏழு நிமிடம் வேகமாகத் தாவிக்கொண்டிருந்ததால் அது மட்டுமே நாலாயிரத்து இருநூறு வரி. ஓரத்தில் சிவப்புக் கோடு போட்டு, பக்க எண் இட்டு எழுதினேன். மச்சானும் எழுத வேண்டும். அவர் ஒரு வரி எழுதியிருந்தார்: 'மாப்பிள்ளையோடு பேசினேன். பேச விடவில்லை.'

விசாரணைக்கு அவரும் வந்தார். லிஃப்டில் 'பழுது' என்ற அட்டை தொங்கியது. ஒரு ரிலே மாற்றினால் ஓடும் என்று முணுமுணுத்துக்கொண்டே நாலு மாடி ஏறினார்.

கண்காணிப்பாளர் அன்றைக்கு நல்ல சட்டை போட்டிருந்தார். உட்பிரிவு முப்பத்தொன்றிலிருந்து ஆரம்பித்தார். "தேவைக்கு மேல ஒரு துளி சக்தியும் பயன்படுத்தக் கூடாது. உங்க மச்சான் வீடு எவ்வளவு தூரம்?"

"அஞ்சு கிலோமீட்டர்."

"பஸ் இருக்கா?"

"இருக்கு சார்."

"அப்போ ரேடியோவுக்குத் தேவையான சக்தி எவ்வளவு?"

"அரை வாட்."

"பூஜ்யம். அதான் பஸ் இருக்கே." படிவத்தில் 'அதிகபட்ச சக்தி' என்ற கட்டத்தில் சுழித்து ஒரு பூஜ்யம் போட்டார்.

மச்சான் எழுந்து நின்றார். அலுவலகங்களில் அவர் அதிகம் பேச மாட்டார். "ஐயா, முப்பதாம் தேதி நான் ஊரை விட்டுக் கிளம்பறேன். அதுக்குள்ள இவரோட ஒரு அரை மணி நேரம் பேசணும். அவ்வளவுதான்."

கண்காணிப்பாளர் கனிவாகச் சிரித்தார். "உக்காருங்க. நான் இந்த வேலையில சேந்தப்போ காத்து பூரா ஒரே சத்தம். எப்போ பாத்தாலும் யாராவது யாரோடயாவது பேசிட்டே இருப்பாங்க. நாங்க ஒவ்வொரு விதியாப் போட்டோம். போடப் போட, சத்தம் குறைஞ்சது. போன மாசம் நம்ம கணக்குப்படி மொத்தப் பகுதியிலயும் ஒரே ஒரு விதிமீறல்கூட இல்ல. ஏன்னா ஒருத்தரும் பேசல. இப்போ பெட்டியைப் போட்டுக் கேட்டுப் பாருங்க, எவ்வளவு சுத்தமா இருக்கு தெரியுமா? இதைக் கட்டிக் காப்பாத்தற பொறுப்பு நம்ம எல்லாருக்கும் இருக்கு. உங்களைப் போல ஒழுங்கா வந்து கேக்கறவங்க இருக்கறதாலதான் சார் இந்த அலுவலகமே நடக்குது."

கடைசி வாக்கியத்தை என்னைப் பார்த்துச் சொன்னார். நான் தலையாட்டினேன். மச்சான் அதைப் பார்த்துவிட்டார்.

இருபத்தொன்பதாம் தேதி காலையில் அவர் வீட்டுக்குப் போனேன். சாமான்களெல்லாம் கட்டியாகிவிட்டது. கருவி மட்டும் வெறும் தரையில் இருந்தது. நேரில் அவர் என்னோடு அவ்வளவு நீளமாகப் பேசியது அன்றைக்குத்தான்.

"இதை மட்டும் கட்டாம வெச்சிருக்கேன் மாப்ளே. ஏழு மணிக்கு ஆன் பண்றேன். எட்டு நொடி எல்லாம் வேண்டாம், நாம செஞ்ச மாதிரியே ஓடட்டும். அரை மணி நேரம். யாருக்கும் கேக்காது. யாருக்கும் கேக்கக் கூடாதுன்னுதானே ரெண்டு வருஷம் உக்காந்து செஞ்சோம்."

"விண்ணப்பம் நிலுவையில இருக்கு மச்சான்."

"இருக்கட்டும்."

"இவ்வளவு தூரம் வந்துட்டு, இப்போ மாட்டினா எல்லாம் வீணாப் போயிடும்."

அவர் என்னையே பார்த்தார். "எது வீணாப் போயிடும்?" என்று கேட்டார். நான் கருவியின் மேலிருந்த தூசியைத் துடைத்தேன். "சரி, நீ வந்தா வா" என்றார்.

ஏழு மணிக்கு நான் கருவியின் முன்னால் உட்கார்ந்தேன். கேட்பதற்கு மட்டும் விதியில் தடை இல்லை, அதைப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன். ஏழு அடித்து ஒரு நிமிடத்தில் அவர் குரல் வந்தது. மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பேசுவது போல இருந்தது, ஒரு கரகரப்பு இல்லை. அவ்வளவு நன்றாகச் செய்திருந்தோம்.

"மாப்ளே, இருக்கியா?"

என் விரல் பொத்தான் மேல் இருந்தது. என் மனைவி வந்து பின்னால் நின்றாள்.

"மாப்ளே, நான்தான். இருக்கியா?"

"பதில் சொல்லுங்க" என்றாள் அவள்.

"அனுமதி இல்ல."

"எங்க அண்ணன் கூப்பிடுறார்."

மூன்றாவது தடவையும் கூப்பிட்டார். பிறகு கொஞ்ச நேரம் பொத்தானை விடாமல் சும்மா இருந்தார், அவருடைய மூச்சு மட்டும் கேட்டது. என் அப்பா இறந்த அன்றைக்கும் அந்தப் பக்கம் இப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தது. "சரி மாப்ளே" என்றார். கருவி அணைந்தது. என் மனைவி செருப்பை மாட்டிக்கொண்டு அண்ணனைப் பார்க்கக் கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள். நான் பதிவேட்டைத் திறந்து, '7.01: அழைப்பு வந்தது. விதிப்படி பதில் தரப்படவில்லை' என்று எழுதினேன். எழுதியதில் பிழை இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை.

முப்பதாம் தேதி அவர் கிளம்பிப் போனார். நாலாம் தேதி பதிவுத் தபாலில் எனக்கு அனுமதி வந்தது. காரணத்தையும் அதிலேயே தெளிவாகப் போட்டிருந்தார்கள். எதிர்நிலையம் பஸ் வசதி இல்லாத இடத்துக்கு மாறிவிட்டதால், அரை வாட் சக்தி என்ற விண்ணப்பதாரரின் கோரிக்கை நியாயமானதே. மேலும், இனி இந்த ஒலிபரப்பை யாரும் கேட்க வாய்ப்பில்லாததால் யாருக்கும் இடைஞ்சல் இல்லை என்பதும் திருப்திகரமாக நிரூபணமாகிறது. வாரம் ஒருமுறையாவது ஒலிபரப்பாவிட்டால் அனுமதி காலாவதியாகும். நாட்டிலேயே முதல் அனுமதி என்று கண்காணிப்பாளர் கைப்பட ஒரு வாழ்த்தும் எழுதியிருந்தார். மனைவியிடம் நீட்டினேன். அவள் அதை வாங்கவில்லை.

மச்சானோடு இப்போது தொலைபேசியில் பேசுகிறேன். "எப்படி இருக்கீங்க மச்சான்?" என்பேன். "நல்லா இருக்கேன். சாப்பிட்டியா மாப்ளே?" என்பார். அப்புறம் மனைவியிடம் கொடுத்துவிடுவேன்.

வாரா வாரம் ஞாயிறு ஏழு மணிக்கு நாற்பது அலைவரிசையிலும் தாவித் தாவி மச்சானைக் கூப்பிட்டேன். கூப்பிட்டது அத்தனையையும் பதிவேட்டில் எழுதினேன். ஆறாவது வாரம் ஆய்வாளர் வந்தார். அவருக்கு இப்போது தாவல் பட்டியலைப் பார்க்கப் பதவி உயர்வு கிடைத்திருந்தது. ஆறு வாரமும் நான் கூப்பிட்டதை அவர் முழுசாகக் கேட்டிருக்கிறார்.

"ஹாம் ரேடியோவுல ரெண்டு பேர் பேசிக்கணும் சார். ஒருத்தர் மட்டும் பேசிட்டே இருக்கறது விதிமீறல்" என்று ஒரு படிவத்தை நீட்டினார். எங்கள் அச்சகத்தில் அடித்ததுதான். 'எதிர்நிலையம் பதில் தராததற்குக் காரணம்' என்று போட்டு ஒரு வரிக்கு இடம் விட்டிருந்தது.

பேனாவை எடுத்தேன். வாழ்க்கையில் முதல்தடவையாக ஒரு காலி இடத்தைப் பார்த்துக் கை தயங்கியது. பிறகு எழுதினேன்: 'நான் அனுமதி கேட்டேன்.'

ஆய்வாளர் படித்தார். மறுபடியும் படித்தார். "வேற ஏதாவது காரணம் இருந்தா எழுதுங்க சார்" என்றார் மெதுவாக. "இது படிக்கவே கஷ்டமா இருக்கு."

"வேற காரணம் இல்ல."

அவர் படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்தார். அப்புறம் கடமை நினைவுக்கு வந்தது. "சரி, ஆதாரம் இணைக்கணுமே. இருக்கா?"

உள்ளே போய், மூன்று மாதக் கோப்பு முழுவதையும் இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்து அவர் முன்னால் வைத்தேன்.